பூட்டுத் தாத்தா எடுத்துப்போன எண்கள்

“ஏழு சரியில்லை,” என்றார் சார்.

“நேத்து நாலு சரியில்லைன்னீங்க.”

“நாலும் சரியில்லைதான். ஏழு அதைவிட மோசம். யாரோட வீட்டு விசேஷத்துக்கோ தப்பா வந்து உட்கார்ந்தவன் மாதிரி முழிக்குது பாரு.”

மிளகா திரையைப் பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது. சார் சொன்னது பொய்யாக இருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உண்மையாக இருந்ததுதான் எரிச்சல்.

மிளகா என்பது ஆபீசில் வைத்த பெயர். சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில், “இந்த ‘க’ குப்புறப் படுத்துத் தூங்குற மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டாள். அந்த ‘க’வை வரைந்தவர் சார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரிக்க வரவில்லை.

அவர்கள் வேலை எழுத்துரு செய்வது. ஃபோனிலும் புத்தகத்திலும் நாம் படிக்கிற எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மிளகாவின் அப்பாவுக்கே தோன்றவில்லை. “எழுத்துதான் ஏற்கெனவே இருக்கேம்மா, அதை எதுக்குத் திரும்ப வரையணும்?” என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டார். அவர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். “தரையும்தான் ஏற்கெனவே இருக்கு, நீங்க எதுக்குப்பா போடறீங்க?” என்று அவள் கேட்டாள். “அதுவும் சரிதான்,” என்று உடனே ஒப்புக்கொண்டார். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களாகவே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதுவும் அவளுக்குக் கோபம்தான்.

இப்போது கையில் இருந்த வேலை பெரியது. மிகப் பழைய அச்சகம் ஒன்று. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் அதற்கென்று சொந்தமாக ஓர் எழுத்து இருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, புதிதாக வரப்போகும் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டும். அச்சகத்தை ஆரம்பித்தவரை அந்தக் குடும்பத்தில் ‘பெரியவர்’ என்பார்கள். எழுத்துருவுக்கும் அதையே பெயராக வைத்தாயிற்று. புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு வரி வரும். ‘இந்நூலின் எழுத்து: பெரியவர். உருவாக்கியவர்: அச்சக நிறுவனர்.’

அந்த வரிதான் மிளகாவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

மாதக்கணக்கில் அந்த எழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பழைய புத்தகத்தின் பக்கங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் கதவளவு ஆக்கிப் பார்த்திருக்கிறாள். ‘ப’வின் உள்மூலைகளில் சின்னஞ்சிறு வெட்டு இருக்கும். ‘ண’வின் சுழிகள் முழுக்க மூடாது, மயிரிழை வெளிச்சம் விட்டிருக்கும். ‘ழ’வின் வால் முடிகிற இடம் அரத்தால் ஒரே இழுப்பில் சீவியது போலச் சாய்ந்திருக்கும். “அதெல்லாம் தேய்மானம், வழவழன்னு பண்ணிடு,” என்றார் சார். அவள் பண்ணவில்லை. இரண்டு விதமாகவும் செய்து மட்டமான தாளில் சின்ன அளவில் அச்சடித்துக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். வழவழவென்று இருந்ததில் மூலையெல்லாம் மை தேங்கி எழுத்து அப்பிக்கிடந்தது. வெட்டு இருந்ததில் மை அந்த வெட்டுக்குள் போய் அடங்கி, எழுத்து தெளிவாக நின்றது. மை வரும், வந்தால் தேங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறான் ஒருவன். சின்னப் பிள்ளை கண்ணைச் சுருக்காமல் படிக்கட்டும் என்று எவ்வளவு பாடுபட்டிருக்கிறான்!

அச்சகத்தின் முன்னறையில் பெரியவரின் படம் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, கையைக் கைப்பிடியில் வைத்திருப்பார். வழுவழுப்பான கை. எழுத்து வெட்ட எஃகை அராவிய கையாக அவளுக்குத் தெரியவில்லை. அதை அப்படியே, இப்போது அச்சகத்தை நடத்துகிற பெரியவரின் கொள்ளுப்பேரன் முன்னால் சொல்லிவிட்டாள். மேஜைக்கடியில் சார் அவள் காலை மிதித்தார். கொள்ளுப்பேரன் சிரித்தார், ஆனால் காபியைத் தொடவில்லை.

எண்கள்தான் எல்லோரையும் படுத்தின. அந்த அச்சகத்தின் புத்தகங்களில் எழுத்து அத்தனை அழகு. எண்கள் மட்டும் எங்கிருந்தோ கடன் வாங்கியவை, ஒல்லியாக, ஒட்டாமல். சார் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். எழுத்து மிளிர வேண்டும் என்பதற்காக எண்களை அடக்கி வைத்தது பெரியவரின் தரிசனமாம். ஆனால் பாடப்புத்தகத்துக்கு அந்தத் தரிசனம் போதாது, பொருந்துகிற எண் வேண்டும். மிளகா வரைந்து வரைந்து போட்டாள். எதுவும் அந்தக் குடும்பத்தில் சேரவில்லை.

“இந்த வாரத்துக்குள்ள எண்ணு வரலைன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்,” என்றார் சார். “மிரட்டலை, நிலைமையைச் சொல்றேன்.”

“மிரட்டினாலும் ஏழு வராது சார்.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் அம்மாவின் ஃபோன்.

“உன் தம்பி வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டான். வர்ற வழியில உன் சாவியை வெச்சு ஒண்ணு போட்டுட்டு வா.”

“அவனே போய்ப் போட மாட்டானா?”

“அவன் போனா அந்தச் சாவியையும் தொலைச்சுட்டு வருவான்டி.”

பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டி, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற தகரக் கூண்டு. முன்னால் கம்பியில் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்த ஒரு பெண். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவள். போகிறவர் வருகிறவரெல்லாம் சாவியக்கா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“அக்கா, இதே மாதிரி ஒண்ணு போடணும்.”

“யாரு தொலைச்சது?”

“தம்பி.”

“எல்லா வீட்லயும் தம்பிதான். அவனுங்க புண்ணியத்துலதான் என் அடுப்பு எரியுது. இப்படி ஓரமா நில்லு, தூள் கண்ணுல படும்.”

மெஷின் கிறீச்சிட்டது. பித்தளைத் தூள் பறந்தது. சாவியை ஊதித் துடைத்து, இரண்டையும் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள் அக்கா.

“நம்பர் ஏதாச்சும் அடிக்கட்டுமா? ஒண்ணோட ஒண்ணு மாறாது. வீட்டு நம்பர் மட்டும் சொல்லாத, திருடனுக்கு வழி எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.”

“ஏழும் நாலும் அடிங்க. அது ரெண்டும்தான் என் உயிரை எடுக்குது.”

“லாட்டரியா?”

“வேலை.”

அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு சுருட்டுத் துணியை அவிழ்த்து, விரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டை எடுத்தாள். சிறிய விளக்கின் சுடரில் அதன் தலையை ஒரு கணம் காட்டினாள். கரி படிந்ததும் இடது உள்ளங்கையில் மெல்ல ஒற்றினாள். அங்கே பதிந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைத் துணியில் துடைத்து, சாவியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே ஓர் அடி.

மிளகா ஓரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

“அக்கா. இப்ப என்ன பண்ணீங்க?”

“நம்பர் அடிச்சேன். நீதானே கேட்ட?”

“அதுக்கு முன்னாடி. நெருப்புல காட்டி, கையில…”

“அதுவா? ராசி. எங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு. அவங்கப்பாவும் அப்படித்தானாம். காட்டாம அடிச்சா சாவி பூட்டோட சேராதும்பாங்க. சேருமா சேராதான்னு எவனும் அடிச்சுப் பார்த்ததில்லை.”

“கையைக் காட்டுங்க.”

“எதுக்குடி, ஜோசியம் பாக்கப் போறியா?”

ஆனாலும் காட்டினாள். ரேகைகளுக்கு நடுவே கரியில் ஓர் ஏழு. தலைக்கோடு இடப்பக்கம் கொஞ்சம் தொங்கி, கால் இறங்கும் மூலையில் மயிரிழை வெட்டு ஒன்று. கால் முடிகிற இடம் அரத்தால் ஒரே இழுப்பில் சீவினாற்போலச் சாய்ந்திருந்தது. ‘ழ’வின் வால் எப்படி முடியுமோ அப்படி.

பூட்டுக்காரருக்கு எண்ணைக் கரியில் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சாவியில் எண் கோணலாக விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிச் செய்கிறவர்கள் உலகத்தில் ஒரே ஒரு சாதி ஆட்கள்தான்: அச்செழுத்து வெட்டுகிறவர்கள். எஃகுத் துண்டின் தலையில் எழுத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்குவார்கள். கொஞ்சம் அராவுவார்கள், கரி பிடித்து ஒற்றிப் பார்ப்பார்கள், திரும்ப அராவுவார்கள். சரியாக வந்த பிறகுதான் அதைச் செம்பில் அடித்து அச்செடுத்து, ஈயம் ஊற்றுவார்கள். படிப்பில் ஒரு பாராவாக வந்ததை மிளகா மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறாள். அந்தப் பாரா இப்போது ஒரு தகரக் கூண்டுக்குள் பித்தளைத் தூளோடு உட்கார்ந்திருந்தது. காரணம் உதிர்ந்துபோய்ப் பழக்கம் மட்டும் தலைமுறை தாண்டி வந்திருந்தது.

“அக்கா, மத்த நம்பரையும் பாக்கலாமா?”

“பாரு. விலைக்குக் கேக்காத. கொடுக்க மாட்டேன்.” துணியை விரித்தாள். “கடையில வாங்குற செட்டுல ஆறும் ஒன்பதும் ஒண்ணுதான். தலைகீழாத் திருப்பி அடிச்சுக்கலாம். இதுல பாரு, தனித்தனியா இருக்கு. எந்த வேலையத்தவன் பண்ணானோ.”

“வேலையத்தவன் இல்லைக்கா. ஆறைத் திருப்பினா ஒன்பது தலை கனத்துப்போய்க் கவிழ்ற மாதிரி தெரியும். அதுக்காகத் தனியா வெட்டியிருக்காரு. யாரு இவரு?”

“எங்கப்பாவோட தாத்தா. பூட்டுத் தாத்தாம்பாங்க. பூட்டு செய்யறவர். யாரோ பெரிய மனுஷனுக்கு இரும்பு வேலை செஞ்சாராம், வருஷக்கணக்குல. கடைசியில அந்த ஆளோட கட்டடம் திறக்கிற அன்னிக்கு, இவரும் துண்டைத் தோள்ல போட்டுட்டுப் போயிருக்காரு. வாசல்லயே நிறுத்திட்டானுங்களாம். ‘உனக்கு உள்ள என்ன வேலை’ன்னு. வந்தாரு, பட்டறைல இன்னும் கொடுக்காம மிச்சம் இருந்ததைச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எத்தனை ஆள் விட்டும் எட்டிக்கூடப் பாக்கலையாம். எங்க குடும்பத்துக்கே அந்தக் கோவம் உண்டு. என்னைப் பார்த்தா தெரியலை?”

“தெரியுதுக்கா,” என்றாள் மிளகா. “எனக்கும் கொஞ்சம் உண்டு.”

மறுநாள் சாரிடம் சொன்னபோது அவர் சாவியை வாங்கிப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். கேலி செய்யவில்லை. ஆயிரம் இருந்தாலும் கண் உள்ளவர்.

“மத்ததையும் ஃபோட்டோ எடுத்தியா?”

“இல்லை.”

“போய் எடு. சாவி போடற மாதிரி போ. அப்படியே மேல வெச்சு வரைஞ்சுடு. வாரக் கடைசிக்குள்ள முடிஞ்சுது வேலை.”

“யாரு வரைஞ்சதுன்னு போடுவீங்க?”

“யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன் சார்.”

“உனக்கு என்னதான் வேணும்?”

“அச்சகக்காரர் வரணும். அந்தக் கடைக்கு. பெரியவரோட பெட்டியையும் எடுத்துட்டு.”

அச்சகத்தில் வெல்வெட் பெட்டிக்குள் எழுத்து வெட்டிய எஃகுத் துண்டுகள் இருந்தன. பெரியவர் தம் கைப்பட வெட்டியவை என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். சார் முணுமுணுத்தார், தன் கட்டுரையை நினைத்துப் பெருமூச்சு விட்டார், கடைசியில் ஃபோனை எடுத்தார்.

கொள்ளுப்பேரன் காரை நிலையத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவருக்கு உட்கார இடமில்லை. சாவியக்கா ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். சாருக்கு டின்னும் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் அக்கா கேட்காமலேயே ஒரு துண்டை எடுத்தாள், ‘ப’. பார்க்கவில்லை, கட்டைவிரல் தானாக அதன் உடம்பில் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே அரத்தால் போட்ட ஒரு சின்னப் பள்ளம். சுடரில் காட்டி உள்ளங்கையில் ஒற்றினாள். ‘ப’ நேராக விழுந்தது.

“எது மேல்பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கொள்ளுப்பேரன். “நாங்க ஒவ்வொண்ணையும் தலையைப் பார்த்துத் திருப்பித் திருப்பி வெப்போம்.”

“பள்ளம் இருக்குல்ல? என்னுதுலயும் இருக்கு.” அக்கா ஏழை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “விரலை வெச்சுப் பாருங்க.”

அவர் வைத்துப் பார்த்தார். ஒரு கையில் ‘ப’, ஒரு கையில் ஏழு. இரண்டு கட்டைவிரலும் ஒரே இடத்தில் நின்றன. அக்காவின் கையில் கரியில் பதிந்த ‘ப’வையும் அதன் மூலையில் இருந்த வெட்டையும் பார்த்தார். கழுத்தில் வேர்வை துடைத்துக்கொண்டார்.

“எங்க வீட்ல ஒரு கதை சொல்லுவாங்க,” என்றார் மெதுவாக. “அச்சகம் திறந்த சமயத்துல, எண்ணு வெட்டின துண்டை எல்லாம் ஒரு திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னு. அதனாலதான் வெளியிலிருந்து எண்ணு வாங்கிப் போட்டாங்கன்னு. சின்ன வயசுல கேட்டது.”

சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு கட்டுரை, அதிலிருந்த தரிசனம், அடிக்குறிப்புகள் எல்லாம் நிலையத்துப் புகையில் கலந்து போயின.

“திருடனா?” சாவியக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “செஞ்சவன் செஞ்சதை எடுத்துட்டுப் போனா திருட்டா? வாசல்ல நிறுத்தினவனுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க உங்க வீட்ல?”

“அக்கா…” என்று சார் சமாதானம் சொல்லப் போனார்.

“நீங்க இருங்க. அவர் பேசட்டும்.”

கொள்ளுப்பேரன் ஏழைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: “அவர் பேரு என்ன?”

“பூட்டுத் தாத்தா.”

“இல்லைம்மா, சொந்தப் பேரு?”

“எங்கப்பாவுக்கே தெரியாது. பூட்டுத் தாத்தாதான்.”

“பாடப்புத்தகத்துல அதை எப்படிப் போடறது?” என்றார் சார். “பிள்ளைங்க சிரிக்கும்.”

“நீங்க என்ன பேரு போடறதா இருக்கீங்க?” என்றாள் சாவியக்கா.

“பெரியவர்.”

“அப்ப உங்களுக்குப் பெரியவர் செல்லும், எங்களுக்குப் பூட்டுத் தாத்தா செல்லாதா? பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும். பாடப்புத்தகத்துல சிரிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?”

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: எஃகுத் துண்டுகள் கூண்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் கரி ஒற்றி எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் பெயர் புத்தகத்தில் வர வேண்டும். கொள்ளுப்பேரன் தலையை ஆட்டினார். சரி என்றா, யோசிக்கிறேன் என்றா, அது தெளிவாகவில்லை. சாவியக்கா மிளகாவைப் பார்த்தாள். “அவர் தலை ஆடினதை நான் நம்பலை. உன்னை நம்பித்தான் கொடுக்கறேன்.”

மிளகா வெள்ளைத் தாளை விரித்தாள். அக்கா ஒவ்வொன்றாகச் சுடரில் காட்டி ஒற்றினாள். நடுவில் இரண்டு பேர் வந்து சாவி போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவரின் தம்பி தொலைத்தது. இன்னொருவர் தாமே தொலைத்துவிட்டுத் தம்பி மேல் சொன்னார். பூஜ்யத்தில் தொடங்கி ஒன்பதுவரை தாளில் வரிசையாக நின்றபோது மிளகாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூள் விழுந்துவிட்டது என்றாள்.

பிறகு வேலை ஓடியது. வரைய வேண்டியதே இல்லை, கேட்டு எழுதிக்கொள்வது போல இருந்தது. மூன்றின் இடுப்பு ‘ந’விலிருந்து வந்தது. எட்டின் இரண்டு சுழியும் முழுக்க மூடாமல், ‘ண’ போலவே மயிரிழை வெளிச்சம் விட்டன. ஆறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் வைத்தால் மட்டும் நிம்மதியாக இருக்கும். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்து, “அடப்பாவி, அடப்பாவி,” என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். அது பாராட்டு.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் உள்ளட்டையின் மாதிரி வந்தது. மிளகா எடுத்துப் பார்த்தாள்.

‘இந்நூலின் எழுத்து: பெரியவர். உருவாக்கியவர்: அச்சக நிறுவனர்.’

அவ்வளவுதான்.

மீட்டிங் அறைக்குள் போனாள். சாரும் கொள்ளுப்பேரனும் இருந்தார்கள். தாளை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது.

“உட்காரும்மா,” என்றார் கொள்ளுப்பேரன். “நீ சொல்றது எனக்குப் புரியாம இல்லை. வீட்ல பெரியவங்க இருக்காங்க, கேட்டா சண்டைக்கு வர்றாங்க. ஒரு அச்சகம்னா எத்தனையோ பேர் வேலை செஞ்சிருப்பாங்க. எல்லார் பேரையும் போட முடியுமா?”

“சார், கீழ பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். சாரும் பார்த்தார்.

“அந்தத் தூண் வட்டமா இருக்கு. அதைச் சுத்தி டைல்ஸ் எங்கேயாவது இடைவெளி விட்டிருக்கா? ஒவ்வொண்ணையும் வளைவா வெட்டிச் சேர்த்திருக்கு. எங்கப்பா போட்டது. வாசல்ல கல்லுல யார் யாரோ பேரு இருக்கு. அவர் பேரு இல்லை. நான் கேக்கலை. கேக்கணும்னு இதுவரைக்கும் தோணினதுகூட இல்லை, அதுதான் எனக்கு இப்ப கோவமா வருது. எல்லார் பேரையும் போடச் சொல்லலை சார். எழுத்தைச் செஞ்சவர் பேரை எழுத்துக்குப் போடச் சொல்றேன். வேற யார் பேரைப் போடுவீங்க?”

சார் இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரையைக் காட்டித்தான் அவர் வருகிறவர்களிடமெல்லாம் ஆர்க்கிடெக்டைப் புகழ்வார்.

“அப்புறம் பேசிக்கலாம்மா,” என்றார் சார், தணிந்த குரலில். “இப்ப ஃபைலை அனுப்பு. அச்சுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“எழுத்து அனுப்பிட்டேன் சார்.”

“எண்ணு?”

“எண்ணு என்கிட்ட இருக்கு.”

சார் புத்தகத்தின் மற்ற மாதிரிப் பக்கங்களை இழுத்துப் பார்த்தார். எண் வர வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. கணக்குப் பாடத்தில் ஒரு வாத்துக் கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது. அதன் கீழே எத்தனை என்று சொல்ல எதுவும் இல்லை.

“வேலை போயிடும், தெரியுமா?” என்றார் சார்.

“தெரியும்.” இப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். “வேலை போனா எங்க வீட்ல அடுத்த மாசம் என்ன பண்றதுன்னும் தெரியாது. ஆனா அந்தக்கா இவர் தலை ஆடினதை நம்பி ஒத்திக் கொடுக்கலை, என்னை நம்பிக் கொடுத்தாங்க.”

கொள்ளுப்பேரன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பார்வை தூணிலிருந்து எண்ணில்லாத வாத்துகளுக்கு வந்தது. திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்; சார் பயந்துவிட்டார்.

“எங்க கொள்ளுத்தாத்தா இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரு போல,” என்றார். “எழுத்தெல்லாம் கையில, எண்ணு மட்டும் இல்லாம. அன்னிக்கு ஒரு வார்த்தை ‘உள்ள வாய்யா’ன்னு சொல்லியிருந்தா தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல வாய் வராம, திருடன்னு சொல்லிச் சொல்லியே தலைமுறையை ஓட்டிட்டோம்.” பேனாவை எடுத்து மாதிரியில் இருந்த வரியை அடித்தார். “வீட்ல நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள் சாப்பாடு போட மாட்டாங்க, அவ்வளவுதானே. நீ சொல்லு, எப்படிப் போடணும்?”

எழுத்துருவின் பெயரையும் மாற்றச் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. சாவியக்காவிடம் ஃபோனில் கேட்டாள். “அச்சகம் அவங்களுது, பேரு இருந்துட்டுப் போகட்டும். செஞ்சவர் யாருன்னு மட்டும் சரியாப் போடு. நாம என்ன, திருடங்களா?” என்றாள் அக்கா.

அப்படியே போட்டார்கள். ‘இந்நூலின் எழுத்து: பெரியவர். எழுத்தையும் எண்ணையும் வெட்டியவர்: பூட்டுத் தாத்தா.’ அதற்குக் கீழே, கணினிக்குக் கொண்டுவந்தவர் என்று இன்னொரு வரி சேர்க்கலாம் என்று சார் தாமாகவே சொன்னார்.

“உன் பேரை எப்படிப் போடட்டும்? மிளகான்னா?”

“போடுங்க பாக்கலாம்,” என்றாள். சார் போடவில்லை, சொந்தப் பெயரையே போட்டார்.

புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள். கூண்டின் முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். தம்பி தொலைத்த கேஸ்தான். சாவியக்கா புத்தகத்தை வாங்கி, உள்ளட்டையைத் தூரப்பிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்பிடித்து, இரண்டு தடவை படித்தாள். பக்கங்களைப் புரட்டி வாத்துகளிடம் வந்து நின்றாள். வாத்துகளின் கீழே பெரிதாக ஓர் ஏழு.

“நம்மளுதுதான்,” என்றாள்.

“உங்களுதுதான்க்கா.”

“எத்தனை பிள்ளைங்க படிக்கும் இதை?”

“ஒண்ணாம் வகுப்பு சேர்ற எல்லாரும்.”

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தூள் படாமல் புத்தகத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். காத்திருந்தவரைப் பார்த்து, “நம்பர் ஏதாச்சும் அடிக்கட்டுமா?” என்றாள்.

“எதுவா இருந்தாலும் சரிம்மா.”

“அப்ப ஏழு.” துண்டை எடுத்தாள், சுடரில் காட்டினாள், உள்ளங்கையில் ஒற்றினாள். துடைத்துவிட்டு அடிக்கப் போனவள் நிறுத்தி, கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாத்துக்கோங்க,” என்றாள். “எங்க பூட்டுத் தாத்தா வெட்டினது. ராசியெல்லாம் இல்லை, சரியா விழுதான்னு பாக்கறது.”